புது ஹார்ட் டிஸ்க் என்று எழுதிக் கொடுத்தேன்

அந்த அக்காவின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. காயல்பட்டினத்தில் அவர்கள் வீட்டுக்குப் பல தடவை போயிருக்கிறேன். ஆரம்பத்தில் போனபோதெல்லாம் முன்ஹாலில் அவர்களுடைய வாப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஹாலிலிருந்து உள்ளே போகும் வாசலில் கனமான பச்சைத் திரை. அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அளந்து பேசுகிற, கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்கிற குரல். அந்தக் குரலிடம்தான் நான் பொய் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தோம். நானும் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவனும். உதிரிப் பாகங்களை வாங்கி, ஆளுக்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டர் பூட்டித் தருவது தொழில். வாங்குவது, விற்பது, பேசுவது எல்லாம் அவன். பூட்டுவது, வீட்டில் கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது, ரிப்பேர் பார்ப்பது நான். துறைமுகத்தை ஒட்டிய ஷிப்பிங் ஆபீஸ்களில் புதிது வாங்கும்போது, கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர்களை நாங்களே எடுத்துக்கொள்வோம். அதில் உருப்படியாக இருப்பதைப் பழையது என்று சொல்லியே விற்கிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா முதலில் போனில்தான் பேசினார்கள். அவர்கள் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். வீட்டில் கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தால் வெள்ளிக்கிழமைதோறும் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். என்னென்ன இருக்க வேண்டும் என்று அங்கிருந்து சொல்லச் சொல்ல, இவர்கள் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள். அதைத்தான் எனக்கு வாசித்தார்கள்.

"டூயல் கோர் பிராசஸர். ரேம் ரெண்டு ஜி.பி., அது ஒரே ஸ்டிக்கா இருக்கணும், பின்னால இன்னொண்ணு சேத்துக்கிடுற மாதிரி. ஹார்ட் டிஸ்க் முந்நூத்து இருபது ஜி.பி. டிவிடி ரைட்டர். மைக்கோட வெப் கேமரா. மானிட்டர் பெட்டி மாதிரி இருக்கப்படாது, தட்டையா இருக்கணும். முன்பக்கம் யுஎஸ்பி ரெண்டாவது வேணும். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேங்க்கா."

"ஹார்ட் டிஸ்க் புதுசுதானே? அத மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கிடச் சொன்னாஹ."

அந்த வயதில் எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. எங்களைச் சந்தேகப்படுகிறார்களே என்று. கடையின் பெயர் அச்சடித்த தாளில் ஒவ்வொரு பாகமாக எழுதி, ஹார்ட் டிஸ்க் வரிக்கு நேரே 'புதிது' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். கூட்டாளி போடவில்லை. நான்தான் போட்டேன்.

பூட்டும் அன்றைக்கு டிவிடி ரைட்டர் கையிருப்பில் இல்லை. டிவிடி போட்டுப் பார்க்க மட்டும் செய்கிற டிரைவ்தான் இருந்தது. இதை இப்போதைக்குப் போட்டுவிடு, ரைட்டர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றான் கூட்டாளி. ஹார்ட் டிஸ்கையும் அவன்தான் எடுத்துத் தந்தான். மேலே பளிச்சென்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உறை இல்லையே என்று கேட்டேன். மொத்தமாக வாங்கினால் உறை வராது என்றான். அது உண்மையும்தான், சில சமயம் அப்படித்தான் வரும். நான்கு திருகாணி போட்டு முடுக்கினேன்.

வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது அந்த அக்கா திரைக்குப் பின்னாலிருந்து தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் மானிட்டரில் காட்டி, "பிராசஸர் சரியா இருக்குக்கா, ரேம் சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்களுடைய வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மானிட்டருக்குக் கிட்டே வந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"டிவிடி ரைட்டர்?"

"அது அடுத்த வாரம் மாத்தித் தாரேன்க்கா. இப்ப ஸ்டாக் இல்ல."

"இதுல இருக்குறத டிவிடில எழுத முடியாதா அப்போ?"

"இப்போதைக்குப் படிக்க மட்டும்தான்க்கா செய்யும்."

"சரி. மறந்திராதீங்க."

மறந்துவிட்டேன். இதில் கூட்டாளியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ரைட்டர் பத்து நாளில் கடைக்கு வந்தது. நான் அதை வேறொரு கம்ப்யூட்டரில் பூட்டி அனுப்பினேன். காயல்பட்டினம் போக ஒரு முழு மத்தியானம் ஆகும் என்று தள்ளிப் போட்டேன். அவர்கள் இரண்டு தடவை போன் பண்ணிக் கேட்டார்கள். இரண்டு தடவையும் அடுத்த வாரம் என்றேன். அப்புறம் அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டரை வைத்த அன்றைக்கே, கேமராவைச் சோதிக்க அவர்களுடைய வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். கொஞ்சம் இழுத்து இழுத்துப் படம் வந்தது. இரண்டு அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், கை வைத்த பனியனோடு ஒரு ஆள். மடியில் தட்டு, தட்டில் உரித்த வெங்காயம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கேக்குதா? புள்ளே, கேக்குதா?" என்றார். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். "என்ன அழுவுறிய?" என்று அவர்கள் கேட்டதும் அவரும் சிரித்துவிட்டார். மூன்று வயது இருக்கும், மூத்த பெண் குழந்தை, மானிட்டரைப் போய்த் தொட்டது. நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

பிறகு பதினோரு மாதம், ரைட்டரைக் கேட்டதைத் தவிர, அந்த வீட்டிலிருந்து ஒரு புகாரும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அவர்களுடைய வாப்பா கடைக்குப் போன் பண்ணினார். கம்ப்யூட்டர் ஓடவில்லை, உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்கிறது, உடனே வர முடியுமா என்றார். அவர் குரலில் அவசரம் இருந்தது. நான் அன்றைக்கே பஸ் ஏறினேன்.

ஹாலில் கம்ப்யூட்டரை எடுத்து வைத்திருந்தார்கள். நான் கேபினட்டைத் திறப்பதற்கு முன்னால் பெரியவர் சொன்னார்.

"மருமவன் மவுத்தாயிட்டாரு தம்பி. மூணு மாசமாச்சு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. வழியிலயே... அங்கனயே அடக்கியாச்சு. எங்க யாருக்கும் முகம் பாக்க வாய்க்கல."

கேபினட்டிலிருந்து கையை எடுத்தேன். அவரே தொடர்ந்தார். "மக இத்தாவுல இருக்கா. வெளி ஆளுங்ககிட்டப் பேசப்படாது. ஆனா இந்த மிசின் பத்தி அவளுக்குத்தான் தெரியும்."

கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் பெண்கள் அறையை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் இத்தா. அந்த மூன்று மாதமும் அந்த அறையில் அவர்களுக்குத் துணை இந்தக் கம்ப்யூட்டர்தான். இங்கே கரண்ட் இல்லாத வெள்ளிக்கிழமைகளில், பேச முடியாமல் போனால், வீட்டுக்காரர் பேச நினைத்ததைத் தானே துண்டு துண்டாகப் படம் பிடித்து அனுப்பிவிடுவாராம். நெட்டில் எல்லாவற்றையும் விட்டுவைக்க அப்போது வழி தெரியாது. அக்கா ஒவ்வொன்றையும் இறக்கி ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முன்பு கேட்ட குரல் மாதிரி இல்லை.

"அறுவத்தி ரெண்டு இருக்கு. எல்லாம் டி டிரைவுல. பிள்ளைக்கு ஓதிக் குடுத்தது இருக்கு. மீன் ஆக்குறது இருக்கு. டிரைவ் போயிருந்தாலும் அது கெடைக்கும்தானே?"

"பாக்குறேன்க்கா."

"டிவிடில எழுதி வைக்கணும்னு இருந்தேன்."

அவர்கள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான் குனிந்து திருகாணிகளைக் கழற்றினேன். பெரியவர் எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

டிஸ்கைக் கடைக்குக் கொண்டுவந்தேன். அந்த மாதிரிச் சத்தம் வருகிற டிஸ்குக்குப் பவர் கொடுக்கவே கூடாது. உள்ளே இருக்கிற ஹெட் ஒவ்வொரு தடவையும் தட்டைக் கீறும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழெட்டுத் தடவை கொடுத்தேன், எப்படியாவது எடுத்துவிடலாம் என்ற ஆசையில். ஒரு தடவை மட்டும் அரை நிமிஷம் பிடித்தது. ஃபோல்டர் எதுவும் திறக்கவில்லை. ஆனால் டிஸ்கின் உடம்பு நிலையைக் காட்டுகிற சின்ன புரோகிராம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அது காட்டிவிட்டது. ஒரு டிஸ்க் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும்.

இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் மணி நேரம் என்று காட்டியது.

அவர்கள் வீட்டில் அது இருந்தது பதினோரு மாதம். இரவு பகல் அணைக்காமல் ஓடியிருந்தாலும் எட்டாயிரம் மணி நேரம்தான் வரும். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்த பசை இருந்தது. ஏதோ ஒரு ஆபீஸில் வருஷக்கணக்கில் ஓடி ஓய்ந்த டிஸ்க்.

கூட்டாளி சாப்பிட்டுவிட்டு வந்தான். நான் டிஸ்கை அவன் மேசையில் வைத்தேன்.

"இது எங்கன இருந்துல எடுத்த?"

அவன் பார்த்தான். பிறகு சிரித்தான். "எல்லாம் ஓடுற டிஸ்குதாம்ல. செக் பண்ணித்தான் போட்டேன்."

"புதுசுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்."

"ஏலே, சத்தம் போடாத. கீழ கேக்கும். வேற டிஸ்க் தாரேன், நெசமாவே புதுசு தாரேன். கொண்டு போயி மாட்டிட்டு வா."

"அவங்களுக்கு டிஸ்கு வேண்டாம். உள்ள இருக்கதுதாம் வேணும். வீட்டுக்காரரு செத்துப் போயிட்டாரு. சென்னையில டேட்டா எடுத்துத் தாரவன் இருக்கான்லா, அவனுக்கு அனுப்புவோம்."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"அனுப்புனா என்ன ஆவும் தெரியுமா? அவன் ரிப்போர்ட்டு எழுதித் தருவான். எத்தன மணி நேரம் ஓடுச்சு, எந்த வருஷத்து டிஸ்கு, எல்லாம் அதுல இருக்கும். அத அவங்க வீட்டு ஆளு ஒருத்தரு படிச்சா போதும். காயல்பட்டினத்துல நமக்கு எத்தன வீடுன்னு யோசிச்சியா? ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா அத்தன வீட்டுக்கும் தெரியும். கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். உனக்கும் அடுத்த மாசம் கல்யாணம், ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு?"

"உப்புக் காத்துன்னு சொல்லு. கடக்கரை ஊர்ல போர்டு அரிக்கத்தான் செய்யும். ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு சொல்லிரு. கெட்டுப்போன டிஸ்க அங்கன விட்டுட்டு வந்திராத. கையோட கொண்டு வா."

நான் அவனோடு சண்டை போட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. போடவில்லை. அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு. கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. பெண் வீட்டாரிடம் சொந்தக் கடை என்று சொல்லியிருந்தோம். இதெல்லாம் மனதில் ஓடியது. அந்த டிஸ்கைப் பையில் போட்டு, எனக்குத் தெரிந்த வேறு யார் மூலமாவது சென்னைக்கு அனுப்பியிருக்கலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. அந்த யோசனைகூட எனக்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் வந்தது. வராத மாதிரி நானே பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

மறுநாள் புது டிஸ்கோடு போனேன். மாட்டினேன். எல்லாம் ஏற்றினேன். கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். பெரியவர் பக்கத்தில் நின்றார். திரை அசையாமல் இருந்தது. அதற்குப் பின்னால் அவர்கள் நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"பழைய டிஸ்குல ஒண்ணும் எடுக்க முடியலக்கா. உப்புக் காத்து. கடல் பக்கத்துல இருக்கோம்லா, உள்ள போர்டு அரிச்சிட்டு."

"யாராலயும் முடியாதா? சென்னையில?"

"முடியாதுக்கா."

"ஜன்னல நாந்தான் தொறந்து வப்பேன். மூடி வச்சிருந்தா நல்லா இருந்திருக்குமோ?"

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று பலவிதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் நிஜம். இல்லக்கா, ஜன்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பொய் ஒன்றும் உடைந்திருக்காது. அதைக்கூடச் சொல்லவில்லை.

"அந்தக் கெட்டுப்போன டிஸ்க இங்கன வச்சிட்டுப் போங்க" என்றார்கள்.

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்க்கா. இல்லாட்டி வாரண்டில புதுசு தர மாட்டான்."

"நாங்க புதுசுக்குக் காசு குடுத்துர்றோம். அத வச்சிட்டுப் போங்க."

"ரூல்ஸ் அப்படிக்கா."

பெரியவர், "விடும்மா, அவங்க தொழில்ல ஒரு மொறை இருக்கும்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க எடுத்துட்டுப் போங்க தம்பி, அவ மனசு சரியில்லாம கேக்குறா" என்றார். நான் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து செருப்பைப் போடும்போது திரைக்குப் பின்னால் சின்னக் குழந்தை ஏதோ கேட்டது, அவர்கள் பதில் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

டிஸ்கைக் கூட்டாளி காயலான் கடைச் சாமானோடு சேர்த்துப் போட்டுவிட்டான். சென்னைக்கு அனுப்பியிருந்தால் அறுபத்து இரண்டும் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பாதி கிடைத்திருக்கலாம். நான் பவர் கொடுத்துக் கொடுத்துக் கீறியதில் ஒன்றுமே கிடைக்காமலும் போயிருக்கலாம். முயற்சி செய்து பார்த்தோம் என்கிற ஆறுதலாவது அவர்களுக்கு இருந்திருக்கும்.

அதன் பிறகும் இரண்டு வருஷம் அதே கடையில் இருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் ஆனது. பெண் பிறந்தாள். டிஸ்க் பூட்டும்போதெல்லாம் மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவேன், அவ்வளவு ஒழுங்கு மட்டும் வந்தது. கடைசியில் பிரிந்ததும் இந்தக் காரணத்தால் இல்லை. கடையைப் பெரிதாக்க வேண்டும் என்றான், எனக்குப் பயமாக இருந்தது, ஒதுங்கிக்கொண்டேன். இப்போது அவனுக்கு இரண்டு ஷோரூம். லேப்டாப், கண்காணிப்புக் கேமரா எல்லாம் விற்கிறான். நான் துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். எங்காவது பார்த்தால் அவன்தான் முதலில் கையைத் தூக்குவான்.

போன வருஷம் ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது இளம்பெண். அந்த அக்காவின் மூத்த மகள். வெங்காயம் உரித்த ஆளின் முகத்தை மானிட்டரில் தொட்ட குழந்தை. எங்கள் கடையின் பழைய தாளில் என் நம்பரும் இருந்ததாம்.

"அந்தப் பழைய டெஸ்க்டாப் இன்னும் வீட்ல இருக்கு. மதரஸாவுல சின்னப் பிள்ளைங்க படிக்கக் கேட்டாங்க. ஓடுமா ஓடாதான்னு உங்ககிட்டயே காட்டணும்னு உம்மா சொல்றாஹ. வேற ஆள்கிட்டக் குடுக்க மாட்டாஹளாம்."

என்னை நம்பித்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

வீடு அப்படியே இருந்தது. பெரியவர் இறந்து சில வருஷம் ஆகிவிட்டதாம். ஹாலில் மகள்தான் இருந்தாள், கல்லூரியில் படிக்கிறாள். தலையில் துணி போட்டுக்கொண்டு, நேருக்கு நேர் பேசினாள். திரை மட்டும் வேறு நிறம். அதற்குப் பின்னாலிருந்து, "நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க எத்தன?" என்று குரல் வந்தது. சொன்னேன்.

கேபினட்டைத் திறந்தேன். விசிறியில் நூலாம்படை. மதர்போர்டில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பி, மேல்பாகம் வெடித்திருந்தது. ரேம் ஸ்லாட்டில் பச்சைப் பூசணம் மாதிரி களிம்பு. உப்புக் காற்றின் வேலையைப் பதினான்கு வருஷம் கழித்து அந்தப் பெட்டிக்குள் நிஜமாகவே பார்த்தேன். இரண்டாவது ரேம் போடுவதற்கு விட்டு வைத்த இடம் காலியாகவே இருந்தது.

"இது இனி ஓடாதும்மா. ஓடுனாலும் இப்ப உள்ள எதுவும் இதுல ஏறாது" என்றேன்.

"அதானே. நான் அப்பவே சொன்னேன், உம்மாதான் கேக்கல" என்றாள் மகள். பிறகு, சும்மா பேச்சுக்குச் சொல்கிற மாதிரி, "வாப்பா பேசினதெல்லாம் இதுலதான் இருந்துச்சாம். எனக்கு வாப்பா குரலே ஞாபகம் இல்ல. போட்டோல பாத்த முகம்தான்" என்றாள்.

அதைக் கேட்டதும் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுப் போகவில்லை. ஆனால் ஆரம்பித்ததும் எல்லாம் வரிசையாக வந்தது. டிஸ்க் பழையது என்பது, மணி நேரக் கணக்கு, ஸ்டிக்கர், கூட்டாளி கதவைச் சாத்தியது, சென்னைக்கு அனுப்பியிருக்கலாம் என்பது, வாரண்டி ரூல்ஸ் என்று நான் சொன்னது பொய் என்பது. டிவிடி ரைட்டரையும் சொன்னேன். ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொன்னேன். ஒரு ரிப்பேர் எப்படி ஆனது என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு இதச் சொல்றீங்க?" என்றார்கள் அக்கா.

"மனசு கேக்கலக்கா."

"உங்க மனசா?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தேன்.

"உப்புக் காத்துன்னு சொன்னீங்க. அது அல்லாஹ் குடுக்குறது, யார என்ன சொல்ல முடியும்னு இருந்துட்டேன். ஜன்னலத் தொறந்து வச்சேனேன்னு எம் மேலதான் ஒரு வருஷம் கோவமா இருந்தேன். அப்புறம் அதுவும் போச்சு. யார் மேலயும் ஒண்ணும் இல்லாம இருந்தேன். இப்ப வந்து, இல்ல, இன்னார்தான்னு ரெண்டு பேரக் காட்டித் தாறீங்க. நான் இத வச்சிக்கிட்டு என்ன செய்யணும்?"

மகள் கேட்டாள். "அந்த டிஸ்க் இப்ப எங்க இருக்கு?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சும்மா. அப்பவே."

அவள் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தாள். போங்கள் என்று சொல்லவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கேபினட்டின் பக்கப் பலகையை மூடவில்லை என்பது தெருவில் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் மூட முடியுமா என்ன.

பஸ் ஆறுமுகநேரி வந்தபோதுதான் உறைத்தது. அத்தனையும் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லவே இல்லை. கூட்டாளி சொன்னதைச் சொன்னேன், டிஸ்க் சொன்னதைச் சொன்னேன். என் வாயால் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் நின்றேன். காயல்பட்டினம் போகிற பஸ் இரண்டு வந்தன. இரண்டிலும் ஏறவில்லை.

அந்த வாரமே கூட்டாளி போன் பண்ணினான். அந்தப் பெண் ஷோரூமுக்கு வந்து, நாலு வாடிக்கையாளர்களுக்கு முன்னால், சத்தமே போடாமல் டிஸ்க் விஷயத்தைக் கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அவன் என்னிடம், "நீ யாருல எம் பேரச் சொல்ல? கையெழுத்துப் போட்டது நீ, மாட்டுனது நீ, டிஸ்கத் திருப்பி எடுத்துட்டு வந்தது நீ. அத நான் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்பிட்டேன்" என்றான். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இப்போது தெருவில் பார்த்தால் அவன் கையைத் தூக்குவதில்லை.

ஒரு மாதம் கழித்து நான் மறுபடியும் காயல்பட்டினம் போனேன். இந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று. காலை பதினொரு மணி இருக்கும். மகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"உம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"உம்மா தூங்குறாஹ."

அவள் தோளுக்குப் பின்னால் ஹால் தெரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கரண்டியைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டது. அவள் அதற்காகச் சங்கடப்படவில்லை.

"சரி, இன்னொரு நாள் வாரேன்" என்றேன்.

"சரி" என்றாள்.

இதுவரை போகவில்லை.